மூட்டைப்பூச்சியில் வந்த ஊசி அக்கா

நாலு அண்ணன்களுக்குப் பின்னால் பிறந்த கடைக்குட்டி அவள். அண்ணன்கள் நால்வரும் உட்கார்ந்த இடத்தில் வேர் விடுகிற ஜாதி. மூத்தவர் தபால் பிரிக்கிற மேஜையிலேயே முப்பத்தொரு வருஷம் இருந்தார். அடுத்தவர் பல்பு கம்பெனியில் ஒரே மெஷினுக்கு முன்னால் தலை நரைத்தார். மற்ற இருவரும் அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், கேட்கவே வேண்டாம். இவளுக்கு மட்டும் பிறவியிலேயே காலில் சக்கரம். சாப்பிடும்போதுகூடத் தட்டும் கையுமாக ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பாள். "இவள ஒரு எடத்துல கட்டிப்போட்டு வளத்திருக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்தாள்.

வாய்த்த வேலையும் அதற்கேற்ற வேலைதான். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ஆள். கூடத்துக்கு வர முடியாதவர்களின் வீடு தேடிப் போய் ரத்தம் எடுத்துவர வேண்டும். படுக்கையில் கிடப்பவர்கள், பிள்ளை பெற்றவர்கள், மாடி இறங்க முடியாத கிழவர்கள் என்று காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் பத்துப் பன்னிரண்டு மாடி ஏறி இறங்கிவிடுவாள். நாற்பத்தாறு வயதிலும் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. ஊரில் அவளுக்கு ஊசி அக்கா என்று பெயர். சொந்த அண்ணன் பிள்ளைகளே அத்தை என்பதை மறந்து ஊசி அக்கா என்று கூப்பிட்டார்கள்.

அவள் ஓட்டிய கார் பல்பு கம்பெனி அண்ணன் வாங்கியது. பழுப்பும் சிவப்பும் கலந்த நிறம். முன்னாலும் பின்னாலும் சரிந்து நடுவில் உப்பிய முதுகு. விளக்கு இரண்டும் பிதுங்கி நிற்கும். சக்கரம் நாலும் சைக்கிள் சக்கரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போல மெலிந்திருக்கும். இன்ஜின் பின்பக்கம், சாமான் வைக்கிற இடம் முன்பக்கம். கல்யாணமான மறுவாரம் அண்ணி அதைச் சுற்றி வந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"இதுல நாம ஏறிப் போறதா, இல்ல இத நாம தூக்கிட்டுப் போறதா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவி தங்கை கைக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்த அன்றே மூட்டைப்பூச்சி என்று பேர் வைத்தவளும் அண்ணிதான். ரத்தம் எடுக்கிறவள் மூட்டைப்பூச்சியில் வருகிறாள் என்று தெருவெல்லாம் சிரித்தது. ஊசி அக்காவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் வேறு யாராவது வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தால் முகம் மாறிவிடும்.

சிரித்தவர்களுக்குத் தெரியாத சங்கதிகள் அவளுக்குத் தெரியும். ஒரு டம்ளர் பெட்ரோலுக்கு ஊரைச் சுற்றிவரும். இரண்டு ஆட்டோ நிற்கிற இடத்துக்கு நடுவே புகுந்துகொள்ளும். மழையில் பெரிய வண்டிகள் திணறும்போது இது மிதந்த மாதிரி போய்விடும். ஊரில் மொத்தம் பதினாலு மூட்டைப்பூச்சிகள் மிச்சம். வண்டியைச் செய்த கம்பெனி மூடிப் பல வருஷமாகிவிட்டது. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்க வேண்டும் என்பது ஓட்டுகிறவர்களுக்குள் எழுதாத சட்டம். ஆளைத் தெரிய வேண்டிய அவசியமில்லை, வண்டி தெரிந்தால் போதும். எல்லோருக்கும் ஒரே மெக்கானிக். யார் வண்டிக்கு என்ன வியாதி என்று அவனுக்கு மனப்பாடம்.

இன்னொன்றும் உண்டு. செலவைக் குறைக்கிறேன் என்று கம்பெனிக்காரன் நாலைந்து மாதிரிச் சாவிதான் செய்திருந்தான். ஒருவன் சாவி இன்னொருவன் வண்டியைத் திறக்கும், கிளப்பவும் செய்யும். "சாவிய மாத்திக்கலாம், சம்சாரத்த மாத்திக்க வேணாம்" என்று மெக்கானிக் அடிக்கடி சொல்லிச் சிரிப்பான். அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை.

அந்த வருஷம் ஊசி அக்காவின் வண்டிக்கு இரண்டாவது கியர் நழுவ ஆரம்பித்தது. மேட்டில் ஏறும்போது தடாலென்று கழன்று தகரத்தில் கல்லை உருட்டின மாதிரி சத்தம் போடும். அதனால் இரண்டு தடவை கூடத்துக்குத் தாமதமாகப் போனாள். காலையில் எடுத்த ரத்தம் பத்து மணிக்குள் கூடத்தில் இருக்க வேண்டும், ஐஸ் பெட்டி எடுத்தவர் கையை விட்டு வேறு கைக்குப் போகக் கூடாது. இந்த இரண்டும் அங்கே அசைக்க முடியாத விதி. மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவ தப்பு நடந்தா, காரும் வேணாம், சுத்துறதும் வேணாம். கவுண்ட்டர்ல உக்காந்து வர்றவங்க பேர எழுதுங்க."

மற்றவர்கள் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டார்கள். மேலே காற்றாடி, பக்கத்தில் டீ. ஊசி அக்காவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் கழுத்தில் கயிறு விழுந்த மாதிரி இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை. கடைசி வீடு மூன்றாவது மாடி. பிறந்து பதினோரு நாளான பெண் குழந்தை, மஞ்சள் பூத்த உடம்பு. முந்தின நாள் வேறொரு கூடத்து ஆள் வந்து மூன்று இடத்தில் குத்தியும் ரத்தம் வராமல் போயிருந்தான். தாய்க்காரி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடவேயில்லை.

"ஒரே குத்து. அதுக்கப்புறம் நான் தொட மாட்டேன், போதுமா?" என்றாள் ஊசி அக்கா.

"சத்தியமா?"

"சத்தியமா."

சொன்ன மாதிரியே ஒரே குத்தில் எடுத்தாள். அப்போது மணி எட்டு பத்து. குழாயை வெளிச்சம் படாமல் கறுப்புக் காகிதத்தில் சுற்றிக் கீழே கொண்டுவந்து, வண்டியின் முன்பக்கம் இருந்த ஐஸ் பெட்டியில் காலையில் எடுத்த மற்றக் குழாய்களோடு வைத்து மூடினாள். மூடியை முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் பூட்டு விழும், திறப்பதற்கும் அதே இடிதான். நிமிரும்போது மேலேயிருந்து குரல்.

"அக்கா! ரத்தம் நிக்கலக்கா!"

போட்டது போட்டபடி ஓடினாள். குழந்தையின் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு பத்து நிமிஷம் நின்றாள். ரத்தம் நின்ற பிறகு பஞ்சு கட்டிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கினாள். தையல்கடை வாசலில் விட்டதாக ஞாபகம். வண்டி நாலு கடை தள்ளி நின்றது. 'இங்கேயா விட்டோம்?' என்று ஒரு கணம் தோன்றியது. மனசு இன்னும் அந்தக் குதிகாலிலேயே இருந்தது. ஏறினாள், சாவியைத் திருகினாள், கிளம்பிவிட்டாள்.

முதல் மேட்டில் இரண்டாவது கியர் நழுவவில்லை.

"என்னடி, இன்னிக்கு நல்ல பொண்ணாயிட்ட?" என்று தட்டிக்கொடுத்தாள்.

அடுத்த மேட்டிலும் நழுவவில்லை. கதவு ஆடவில்லை. கண்ணாடி தானாகக் கீழே இறங்கவில்லை. ஏதோ சரியில்லை, எது என்று பிடிபடவில்லை. இரண்டு தெரு போன பிறகுதான் பிடிபட்டது. எல்லாம் சரியாயிருப்பதுதான் சரியில்லை. மூக்கில் முகப்பவுடர் வாசனை. மிதியடியில் பொடிப்பொடியாக நரைமுடி.

ஓரமாக நிறுத்தி முன்மூடியைத் தொட்டாள். முழங்காலே தேவைப்படவில்லை, தொட்டதும் திறந்துகொண்டது. உள்ளே மடித்து வைத்த வெள்ளைத் துணிகள், கத்தரிப் பை, சீப்பு ஒரு கட்டு. ஐஸ் பெட்டி இல்லை.

திரும்பி அந்தத் தெருவுக்கே பறந்தாள். தையல்கடை வாசல் காலி. கடைக்காரர் வெளியே வந்து, "இப்பத்தானம்மா நீங்க எடுத்துட்டுப் போனீங்க?" என்றார். பிறகு அவள் வந்த வண்டியைப் பார்த்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மணி எட்டு ஐம்பத்தைந்து. மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நான் ஊசி பேசறேன்."

"சொல்லுங்கக்கா. கியர் கழண்டுடுச்சா?"

"வண்டியே கழண்டுடுச்சுப்பா. யாரோ என் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் யாரோட வண்டியிலயோ உக்காந்திருக்கேன்."

"முன்னாடி என்ன இருக்கு?"

"வெள்ளத் துணி. கத்தரி."

"ஐயோ, அது முடிவெட்டுற ஐயா வண்டிக்கா! உங்களது மாதிரியே அதே கலரு. வீட்டுல படுத்திருக்கறவங்களுக்குப் போய் வெட்டிவிடுவாரே, அவரு. அந்த வண்டிய மெதுவாத் தொடுங்க. நான் தொடப் போனாலே கை கழுவிட்டு வாடான்னு சொல்ற ஆளு."

நம்பர் வாங்கிக் கூப்பிட்டாள். பின்சீட்டில் துண்டுக்கு அடியில் மணி அடித்தது. அவருடைய போனும் இவளிடமே இருந்தது. மறுபடி மெக்கானிக்.

"செவ்வாய்க்கிழமன்னா பாலத்துக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்துக்குப் போவாருக்கா. ஆனா போய்ச் சேந்திருக்க மாட்டாரு."

"ஏம்பா, வயித்துல புளியக் கரைக்கற?"

"உங்க கியர் சத்தத்த அவரால பத்து நிமிஷம் தாங்க முடியாது. வழியில எங்கயாவது ஓரங்கட்டிப் பிரிச்சுப் போட்டிருப்பாரு பாருங்க."

பாலத்துச் சாலையில் விட்டாள். சிக்னல் ஒவ்வொன்றும் அவளுக்காகவே சிவந்த மாதிரி இருந்தது. எதிரே பச்சை மூட்டைப்பூச்சி ஒன்று வந்தது, பாங்க் காவலாளியின் வண்டி. அவர் இரண்டு விரலைத் தூக்கினார். ஊசி அக்கா தூக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவர் என்ன நினைத்திருப்பார் என்ற கவலையும் சேர்ந்து ஏறிக்கொண்டது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் அவள் வண்டி நின்றது. அதன் முன்பக்கம் நேராக வெயிலைப் பார்த்து இருந்தது. பின்மூடி திறந்திருக்க, தரையில் தன் தோளில் கிடந்த வெள்ளைத் துணியை விரித்து, அவள் சீட்டுக்கு அடியில் கிடந்த ஸ்பானரால் கழற்றின சாமான்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார் ஒருவர். எழுபது வயதிருக்கும். சட்டையில் ஒரு கறை கிடையாது.

"ஐயா!"

அவர் தலையை வெளியே எடுக்கவில்லை. "வந்துட்டீங்களா? வருவீங்கன்னு தெரியும். எவ்ளோ நாளா இப்பிடி?"

"எது எவ்ளோ நாளா?"

"இந்தச் சத்தம். மனசாட்சி இருக்காம்மா உங்களுக்கு? என்னுதுன்னு நெனச்சுக் கொஞ்ச தூரம் ஓட்டினேன், எனக்கே நெஞ்சு வலிச்சுது."

"என் வண்டின்னு தெரிஞ்சுமா பிரிச்சீங்க?"

"தெரிஞ்சதாலதான் பிரிச்சேன். என் வண்டின்னா இந்த நெலமைக்கு விட்டிருப்பேனா? மாத்திக் குடுக்கும்போது இப்பிடியே எப்பிடிக் குடுக்கறது? ஒரு மணி நேரம் குடுங்க..."

"ஐயா, உள்ள பச்சக் குழந்தையோட ரத்தம் இருக்கு!"

கையிலிருந்த ஸ்பானர் துணியின் மேல் விழுந்தது. "எங்க?"

"முன்னாடி."

"அது தெறக்கலயேம்மா. இத முடிச்சுட்டு அதயும் பாக்கலாம்னு இருந்தேன்."

முழங்காலால் ஓர் இடி. மூடி திறந்தது. அனல் அடித்தது. பெட்டியைத் திறந்தாள். ஐஸ் முக்கால்வாசி தண்ணீராகிக் குழாய்கள் மிதந்தன. கையை விட்டுப் பார்த்தாள். குளிர்ச்சி இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. "என் வண்டியிலயே போயிடுங்க. ஓடுங்க. மேட்டுல சோக் லீவர பாதி இழுங்க. குழியில எறக்கிடாதீங்க. கதவ மட்டும் அறஞ்சு..."

அதற்குள் பெட்டியோடு ஏறி அறைந்து சாத்திவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது.

கூடத்துக்குள் நுழையும்போது மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பரவாயில்லையே, இன்னிக்கு டயத்துக்கு வந்துட்டீங்க."

பதிவேட்டை நகர்த்தினார். பெட்டி கடைசி வரை என் கைவசமே இருந்தது என்று ஒரு வரி, அதன் கீழே கையெழுத்து. தினமும் படிக்காமலே கிறுக்குகிற வரி அது. பேனாவை வைத்தாள். பேனா நின்றது.

கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அந்தப் பெரியவர் சொல்லப் போவதில்லை, மெக்கானிக் வேண்டியவன். நாளைக் காலை ஆறு மணிக்கு வழக்கம்போலக் கிளம்பலாம். மேஜைக்கு அடியில் கால் ஆடியது. வெயிலில் அத்தனை நேரம் வெந்த பெட்டி. குழந்தையின் காமாலை அளவு தப்பாகக் குறைந்து வந்தால்? ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் தாய்க்காரியிடம் சொல்வார்கள். அவளும் நம்பிக்கொண்டு இருப்பாள்.

"சார், இதெல்லாம் வேணாம். எல்லார் வீட்டுலயும் மறுபடி எடுக்கணும்."

"என்னம்மா சொல்றீங்க?"

சொன்னாள். சாவி, தையல்கடை, முடிவெட்டுகிறவர், வெள்ளைத் துணி எல்லாவற்றையும் சொன்னாள். மேலாளருக்கு நடுவில் ஒரு தடவை சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே சார்."

அவர் பதிவேட்டை மூடினார். "நாளையிலேருந்து கவுண்ட்டர்."

"சரி சார். இன்னிக்கு மட்டும் நானே போறேன். அந்தக் குழந்தைய வேற யாரும் தொட வேணாம்."

மூன்றாவது மாடிக் கதவைத் திறந்த தாய்க்காரி இவள் கையிலிருந்த பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"ஒரே குத்துன்னீங்க."

"சொன்னேன்."

"சத்தியம்னு சொன்னீங்க."

"சொன்னேம்மா. தப்பு என் பேர்ல. வண்டி மாறிப் போச்சு."

"வண்டி எப்பிடி மாறும்? சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்க?" கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "நான் குடுக்க மாட்டேன். போங்க."

கதவு சாத்திக்கொண்டது. ஊசி அக்கா மாடிப்படிக்கும் கதவுக்கும் நடையாய் நடந்தாள். கெஞ்சுவதா, போய்விடுவதா, தெரியவில்லை. அப்போது கீழே தெருவில் ஒரு ஹாரன் கேட்டது, அவளுடைய வண்டியின் மூக்கடைத்த ஹாரன். முடிவெட்டுகிறவர் எப்படியோ பூட்டி முடித்து, மாறின இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று வந்து, தன் வண்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நிறுத்தினதோடு விடவில்லை. ஒரு துணியை எடுத்து இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பால்கனிக் கதவு திறக்கிற சத்தம். பிறகு வாசல் கதவு ஒரு சாண் திறந்தது.

"அக்கா, ரெண்டும் ஒரே மாதிரி அசிங்கமா இருக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஊசி அக்காவுக்குக் கோபமே வரவில்லை. அந்த வார்த்தைக்குக் கோபம் வராததும் அதுதான் முதல் தடவை.

"வாங்க. நான் பிடிச்சுக்கறேன். இந்தக் குத்து தப்புச்சுன்னா இன்னொரு தடவ கெடையாது."

தப்பவில்லை. மற்ற வீடுகளில் திட்டியவர்களும் உண்டு, மறுத்தவர் ஒருவரும் உண்டு. பன்னிரண்டரைக்கு எல்லாம் கூடம் சேர்ந்தது. குழந்தையின் காமாலை அளவு மிக அதிகம். அன்று மத்தியானமே ஆஸ்பத்திரியில் நீல விளக்குக்குக் கீழே படுக்கவைத்தார்கள், ஐந்தாம் நாள் தேறி வீட்டுக்குப் போனது. வெயிலில் நின்ற முதல் ரத்தம் என்ன சொல்லியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மேலாளர் அதைக் கொட்டச் சொல்லிவிட்டார்.

கவுண்ட்டர் நாற்காலி சுழல் நாற்காலி. ஊசி அக்கா அதில் பதினேழு நாள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று பேச்சுக்குத்தான் சொல்ல வேண்டும். முழங்கால் ஆட்டத்தில் மேஜை ஆடியது, மேஜை ஆட்டத்தில் பேனா உருண்டு விழுந்தது. ஒரு மாமாவின் பேரை மருமகன் சீட்டில் எழுதினாள். மணிக்கு ஒரு தடவை எழுந்துபோய் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டில் அண்ணி சொன்னாள், "உக்கார எடம் கெடச்சா எல்லாருக்கும் சதை போடும், உனக்கு மட்டும் உருகுது." முடிவெட்டுகிற பெரியவர் வழியில் போகும்போது எட்டிப் பார்த்தார். "நின்ன எடத்துலயே நின்னா டயர் சப்பையாயிடும்மா. காலைல ஒரு சுத்து சுத்தி விடுங்க" என்றார். அவர் சொன்னது வண்டியைத்தான்.

பதினெட்டாம் நாள் மேலாளர் எதிரே வந்து நின்றார். பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள் வேலையை விட்டுவிட்டான். முப்பது வீடு. பாதிக்கு மேல் சந்து, கூடத்து வேன் உள்ளே திரும்பாது. மூன்று பேரைக் கேட்டாயிற்று, மூன்று பேரும் தலையை ஆட்டிவிட்டார்கள்.

"இது சலுகை இல்ல, தண்டனைன்னு வச்சுக்குங்க. அஞ்சு மணிக்கே கெளம்பணும். பெட்டி முன்னாடி இருக்கக் கூடாது, பக்கத்து சீட்டுல, பெல்ட் போட்டு. எறங்கினா கையோட எடுத்துட்டு எறங்கணும், மூணாவது மாடியா இருந்தாலும் சரி. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க. சொந்த வண்டிய அந்தச் சந்துல விடறதுக்கு மனசு வரும்னா..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. கேட்க ஆளில்லை. கவுண்ட்டரில் டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நாற்காலி காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.